மைக்கிலிருந்து வராந்தா வரை

எனக்குப் பொறாமை அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது மேல்.

எங்கள் பாலக்காட்டுப் பக்கம் கானமேளா என்கிற மெல்லிசைக் கச்சேரி மேடையைப் பார்த்திருப்பீர்கள். பாடுகிறவன் முன்னால் நிற்பான், வெளிச்சமெல்லாம் அவன் முகத்தில். கீபோர்டுக்காரன் பக்கவாட்டில் நிற்பான், அவனுக்குப் பாதி வெளிச்சம். டிரம்ஸ்காரன் எல்லோருக்கும் பின்னால் சிம்பல்களின் நடுவே நெற்றி மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பான். அது நான். கொல்லங்கோடு, சித்தூர், நல்லேப்பிள்ளி என்று நான் வாசிக்காத கோயில் மைதானம் கிடையாது. மறுநாள் காலை நான் வேலை பார்க்கிற பால் சொசைட்டியில் பாலை அளந்துகொண்டிருக்கும்போது, பால் கொண்டுவந்தவர் நேற்றைய பாடகனைப் புகழ்ந்துவிட்டு, "நீங்களும் போயிருந்தீங்களா?" என்று கேட்பார். போயிருந்தேனாம். முழங்கை வீங்க வாசித்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி.

மேடையில் வாசிப்பது காற்றோடு போய்விடுகிறது. அதனால் எங்கள் ட்ரூப் தலைவர் ஒரு நாள், "நம்ம பாட்டெல்லாம் ரெக்கார்டு பண்ணப் போறேன்" என்று சொன்னபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பாட்டுகளில் என் கை கேட்க வேண்டும். யாராவது காதைத் தீட்டிக்கொண்டு, "இந்த டிரம்ஸ் யாரு?" என்று கேட்க வேண்டும்.

தலைவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். பாலக்காட்டில் தேர் ஓடும் பழைய தெரு ஒன்றில் பிறந்தவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஹார்மோனியம் வாசிப்பார், பாட்டு கட்டுவார். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்ப்பார். கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் ஒன்றுதான். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் தட்டிவிட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள். "இந்த ஹால் நன்னா பாடறது, கேட்டியோ?" என்று என் காதில் சொன்னார். அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தது நான்தான்.

ரெக்கார்டிங் என்றால் கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ ஒரு ஸ்டுடியோ என்று நாங்கள் நினைத்திருந்தோம். என் மனைவி தெருவெல்லாம் சொல்லியும் விட்டாள். சார் அதைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"ஸ்டுடியோல சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி வெச்சிருக்கான். பஞ்சு பாடுமோ?"

அவர் கை தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் இருந்தது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர். அவருடைய நண்பர் ஒருவரின் தோட்டத்தில் இருந்தது. காய் எடுப்பு முடிந்து காலியாகக் கிடந்தது. வேனில் டிரம் செட்டை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, பழனி, தேனி என்று தமிழ்நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி, போடி மெட்டு ஏறி மறுபடி கேரளத்துக்குள் நுழைந்தோம். உள்ளே மரப்பலகை அடித்த பெரிய அறை, எத்தனையோ வருடத்து ஏலக்காய் வாசனை. புல்லாங்குழல்காரர் நுழைந்த வேகத்தில் தும்மத் தொடங்கியவர் ஊர் திரும்பும்வரை நிறுத்தவில்லை.

சார் அறையின் நடுவே உத்தரத்திலிருந்து ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டார். ஆளுக்கொரு மைக் கிடையாது. காதில் மாட்டிக்கொள்ளக் கருவி கிடையாது. பிறகு உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலையும் கிடையாது. "கலக்கறதுன்னா மனுஷாளை நகர்த்திக் கலக்கணும்" என்றார். சத்தம் போடும் என்று எங்கள் வாட்ச், சாவிக்கொத்து, பெல்ட் எல்லாவற்றையும் ஒரு தூக்குப்போசியில் போடச் சொல்லி அதைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். பிறகு சாக்பீஸை எடுத்துத் தரையில் வட்டம் போட ஆரம்பித்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம், அவரவர் அதற்குள்தான் உட்கார வேண்டும். மெல்லிய சத்தக்காரர்கள் மைக்குக்குக் கிட்டே. உரத்த சத்தக்காரர்கள் தள்ளி.

பாடகிக்கு ஒரு வட்டம். சாருடைய ஹார்மோனியத்துக்கு ஒன்று. தும்முகிறவருக்கு ஒன்று. என்னை ஒரு தடவை அடிக்கச் சொன்னார். கேட்டார். சுவரோரம் போகச் சொன்னார். மறுபடி கேட்டார். வாசற்படிக்குப் போகச் சொன்னார். கடைசியில் கதவைத் தாண்டி வராந்தாவின் அந்தக் கோடியில் போய் எனக்கு வட்டம் போட்டார். மேலே தகரம், பக்கவாட்டில் சாரல். நான் கால் நனைய நின்றுகொண்டு, "சார், இங்கீங்களா?" என்றேன்.

"அதாக்கும் உன் ஸ்தலம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அப்போதுதான் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவன் காலையில் தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுகிற டிரைவர், மாலையில் அந்த ஊர்க் கோயில் பஜனைக்கு டோலக் வாசிக்கிறவன். முப்பது வயதுதான் இருக்கும். டோலக்கைப் பழைய போர்வையில் சுற்றி இடுப்பில் பிள்ளையைப் போல் வைத்துக்கொண்டு வந்தான். சார் இடம் பார்க்க வந்தபோதே அவன் வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வா கண்ணா" என்றார் சார்.

இத்தனை வருடம் அவரோடு சுற்றியிருக்கிறேன். துக்க வீட்டிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் "எடோ", மலையாளத்து "ஏய்". வந்து ஐந்து நிமிடம் ஆகாதவன் கண்ணா. மைக்குக்கு அடியில், அவருடைய ஹார்மோனியத்தை ஒட்டினாற்போல் அவனுக்கு வட்டம். தரை சில்லென்று இருக்கிறது என்று அவரே ஒரு சாக்கை மடித்து அவனுக்குப் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. சாரலில் நின்றும் அணையவில்லை.

அவன் வேறு நல்லவனாக இருந்து தொலைத்தான். வராந்தாவுக்கு வந்து என் செட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அண்ணே, இம்புட்டையும் ஒத்தை ஆளாவா அடிப்பீங்க?" என்றான். தார்ப்பாய் ஒன்றை ஜீப்பிலிருந்து எடுத்துவந்து சாரல் அடிக்காமல் கட்டிக்கொடுத்தான். நான் நன்றி சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. சார் ஒன்று, இரண்டு என்று எண்ணித் தொடங்குகிறவர் இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். அது ஏறி நின்றதும் தொடங்க வேண்டும். கதவு வழியாக எனக்கு இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். சாரும், அவரை ஒட்டி அவனும். கண்ணாடி ஏறியது, அடித்தேன். கொஞ்ச நேரத்தில் சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டிரம்ஸ் லேட்."

"நான் கரெக்டாத்தானுங்க அடிக்கறேன்."

"நீ கரெக்ட்தான். சத்தம் லேட். அது அங்கேருந்து இங்க நடந்துன்னா வரணும்? நாங்க வாசிக்கறது உங்கிட்ட வரதுக்கும் நேரமாறது, நீ அடிக்கறது இங்க வரதுக்கும் நேரமாறது. கொஞ்சம் முன்னாடியே அனுப்பிடு."

எதற்கு முன்னாடி? காதில் விழுந்த பிறகு அடித்தால் பிந்திவிடும். விழுவதற்கு முன் அடிக்க வேண்டும் என்றால் எதை வைத்து அடிப்பது? அதையும் கேட்டேன்.

"காதை மூடிக்கோ. கண்ணால பாரு" என்றார்.

பார்ப்பதற்கு என்ன இருந்தது? சாரின் விரல்கள் ஹார்மோனியத்தின் பின்னால் மறைந்திருந்தன. தெரிந்தது அவன் கை மட்டும்தான். சரி என்று அவனையே பார்த்தேன். சாதாரணமாகவா பார்த்தேன்? பங்காளி வயலில் தண்ணீர் பாய்வதைப் பார்ப்பது போலப் பார்த்தேன். அடிக்கப் போகும் முன் அவன் வலது தோள் லேசாக எழும்பும். இடது பக்கம் இழுத்து வாசிக்கப் போகிறான் என்றால் கீழுதடு கோணும். உருட்டி வாசிக்கும் முன் முழங்கை உடம்போடு ஒட்டும். அன்று மத்தியானத்துக்குள் அவன் கையை அவன் பெண்டாட்டியைவிட எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அது இறங்கப் போகிறது என்று தெரிந்த உடனே அவனை முந்திக்கொண்டு அடித்தேன். இடம்தான் அவனுக்குப் போய்விட்டது, அடியிலாவது முந்த வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

பாட்டு முடிந்தது. சார் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார், வெளியே வந்தார், என்னைத் தாண்டி ஏலச் செடிகளுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி உள்ளே போய் அவன் தோளில் கை வைத்து, "நன்னா வந்துடுத்து கண்ணா" என்றார்.

அவன் தோளில்! நான் தார்ப்பாய்க்கு அடியில் கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றே நான் முடிவு செய்தேன். எப்படியாவது உள்ளே போய்விட வேண்டும். மைக்குக்குக் கிட்டே இருப்பவன்தான் கேட்கப்படுவான், வராந்தாவில் கிடப்பவனை எவன் கேட்பான்? சாரிடம் போய் நின்றேன்.

"சார், நானும் உள்ளயே உக்காந்துக்கறனுங்க."

"உள்ள வரணும்னா சத்தத்தைக் கொறச்சுண்டு வா" என்றார்.

குறைத்தேன். முதலில் பெரிய சிம்பலைக் கழற்றினேன். வட்டம் வாசற்படிக்கு வந்தது. டாம் டிரம்களைக் கழற்றிச் சுவரோரம் அடுக்கினேன். வட்டம் அறைக்குள் வந்தது. காலால் உதைக்கிற பெரிய டிரம்முக்குள் என் போர்வையைத் திணித்தேன். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு அதையும் எடுத்து வராந்தாவில் வைத்தேன். கடைசியில் என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு ஸ்னேர் டிரம். அதன்மேல் என் குளிக்கிற துண்டை விரித்து, கட்டைக்குப் பதில் கம்பி பிரஷ்ஷால் தடவினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சாமானாகக் கழன்று, வட்டம் வட்டமாக முன்னேறினேன்.

கடைசி வட்டத்தைப் போடும் முன் சார் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நெஜமாவே உனக்கு இங்கதான் இருக்கணுமோ?"

"ஆமாங்க."

"சரி" என்று வட்டத்தைப் போட்டார்.

அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அவன் வட்டத்தையும் என் வட்டத்தையும் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தேன். என்னுடையது ஒரு சாண் கிட்டே இருந்தது. "இங்கிட்டு வாங்கண்ணே, சாக்கு மேல உக்காருங்க" என்று அவன் நகர்ந்து பாதிச் சாக்கைக் கொடுத்தான். உட்கார்ந்தேன். மிச்சப் பாட்டுகளையெல்லாம் மைக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாசித்தேன். அவன் கையை நான் ஏன் பார்க்க வேண்டும்? பக்கத்திலேயே இருக்கிறானே, காதால் கேட்டாலே போதும். ஊர் திரும்பும்போது போடி மெட்டு இறக்கத்தில் எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தேன்.

பாட்டுகள் வெளிவந்த அன்று சாயங்காலம் வீட்டில் ஸ்பீக்கரை மாட்டி மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். முதல் பாட்டு வராந்தாவில் வாசித்தது. அதைச் சீக்கிரம் கடந்துபோய்விடலாம் என்றுதான் எனக்கு இருந்தது. ஆரம்பத்தில் ஹார்மோனியம் மட்டும். பிறகு எங்கோ தொலைவிலிருந்து என் டிரம்ஸ் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இடி இடித்து, மழை இங்கே வரப்போகிறது என்று தெரியுமே, அப்படி வந்தது. டோலக்கின் ஒவ்வொரு அடிக்குக் கீழேயும் அது இருந்தது. முன்னே பின்னே ஒரு மயிரிழை விலகவில்லை. இரண்டு பேர் வாசிப்பதாகவே தெரியவில்லை. என் மனைவி கையில் இருந்த முறுக்கைக் கடிக்காமல் கேட்டாள்.

"ஏனுங்க, இது நீங்களா?"

"பொறு, இதுக்கு மேலதான் இருக்குது."

அடுத்தடுத்த பாட்டுகள் ஓடின. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். டோலக் கேட்டது. பாட்டு கேட்டது. அந்தத் தும்மல்கூட ஓரிடத்தில் கேட்டது.

"இதுல நீங்க எங்கீங்க?"

"நல்லாக் கேளு. மைக்குக்கு நேர் கீழ உக்காந்திருந்தேன்."

காதை ஸ்பீக்கரிடம் கொண்டுபோய் வைத்துக் கேட்டாள். "யாரோ பக்கத்து ஊட்டுல வாசக் கூட்டற மாதிரி ஒண்ணு கேக்குதுங்க, அதுங்களா?" என்றாள்.

அதுதான். கடைசிப் பாட்டு வரைக்கும் வாசல் கூட்டிக்கொண்டேயிருந்தேன். சிம்பலைக் கழற்றியதிலிருந்து துண்டை விரித்ததுவரை எல்லாக் கதையையும் அவளிடம் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு ஆயிப்போச்சே உங்க கதை" என்றாள். எனக்கு ஆத்திரம். யார்மேல் என்று தெரியாததால் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன்.

ஊரில் அந்த முதல் பாட்டுதான் ஓடியது. கொல்லங்கோட்டில் ஆட்டோவிலும் டீக்கடையிலும் அதைக் கேட்டேன். பால் சொசைட்டிக்கு வருகிற ஒருவர் கேனைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் அடிச்சது மெட்ராஸ்காரனுங்களா?" என்று கேட்டார். நானுங்க என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பாலை ஊற்றினார்.

அப்போதுதான் டோலக்குக்காரன் போன் செய்தான். அவன் பெயரைத் திரையில் பார்த்ததும், புகழ்ச்சி கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் எனக்கும் கொஞ்சம் பங்கு கொடுக்கக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? ஒண்ணு சொல்லணும்ணே, சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்த மொதப் பாட்டு இருக்குல்ல, வண்டி ஓட்டும்போதெல்லாம் அதைத்தாண்ணே போடுறேன். என் கை எங்கிட்டு எறங்கப் போகுதுன்னு எனக்கே தெரியாத எடத்துலயும் நீங்க வந்து நிக்கிறீங்க. இம்புட்டு வருசம் என்கூட வாசிக்கிறவய்ங்களுக்கே அது தெரியாதுண்ணே. எனக்கு அன்னைக்கே பொறாமையாப் போச்சு. உங்களை மட்டும் சார் அம்புட்டுத் தள்ளி உக்கார வச்சாரே, அங்கன இருந்தும் கேக்கும்னு நம்பித்தான வச்சாரு? நானும் வராந்தாவுல உக்காரட்டான்னு கேட்டேன். நீ வெளிய போனா காணாமப் போயிருவன்னுட்டாரு."

நெஞ்சு குளிர்ந்ததா என்றால் ஒரு நிமிடம் குளிர்ந்தது. அடுத்த நிமிடமே பழையபடி எரிந்தது. இவ்வளவு நாளாக நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்த ஒரு வார்த்தையை இவன் எடுத்த எடுப்பில், சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். பொறாமையைச் சொல்வதிலும் இவன்தான் முந்த வேண்டுமா?

"நீயும் நல்லாத்தான் வாசிச்சே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன வாரம் சார் கூப்பிட்டார். புதுப் பாட்டுகள் தயார், அதே ஸ்டோர், அதே மைக் என்றார். இதற்குத்தான் நான் காத்திருந்தேன். அவர் பேசி முடிப்பதற்குள், "சார், இந்தத் தடவை முழு செட்டையும் கொண்டு வர்றனுங்க. எனக்கு வராந்தா போதுமுங்க" என்றேன்.



"வராந்தா போயாச்சு எடோ."

"போயாச்சுங்களா? யாருக்குங்க?"

"அவன் கேட்டு வாங்கிண்டுட்டான். பெரிசா ஒரு உறுமி வாங்கியிருக்கான், சத்தம் மலை முழுக்கக் கேக்கறது. நீ உள்ள, அவன் இருந்த எடத்துல. ஸ்னேர் மட்டும் போறும், துண்டைக் கொண்டு வந்துடாதே."

"உள்ள நல்ல எடத்தை உட்டுப்போட்டு அவனுக்கு எதுக்குங்க வராந்தா?"

"கதவு வழியா உன் கையைப் பாத்து வாசிக்கணுமாம்."

போனை வைத்துவிட்டு ஸ்னேர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு தாளம் அடித்துப் பார்த்தேன். கட்டை இறங்குவதற்கு முன்பு என் வலது தோளும் எழும்பத்தான் செய்கிறது. இடது கை வரும் முன் தாடை இறுகுகிறது. கதவு வழியாகப் பார்த்தால் நன்றாகத் தெரியும். இத்தனை வருடத்தில் அந்தத் தோளை ஒருவரும் பார்த்ததில்லை, சிம்பல்கள் மறைத்துவிடும். அதை அடக்கிக்கொண்டு அடித்தேன். எவனும் படிக்க முடியாதபடி, மரக்கட்டையைப் போல் உட்கார்ந்துகொண்டு அடித்தேன்.

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, மொதல்ல அடிச்சதே நல்லா இருந்துச்சு. இப்ப என்னமோ கையைக் கட்டிப்போட்டு அடிக்கற மாதிரி இருக்குது."

இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். தோளை அதன் போக்கில் விட்டுவிட்டேன். பார்த்துத் தொலையட்டும்.